கூகைக்கட்டு வந்த ஹம்ஸ்டர்

வேலையிலிருந்து இளைப்பாறிய பிறகு என் கைத்தொலைபேசிக்கு இரண்டு வகையான அழைப்புகள்தான் வருகின்றன. ஒன்று, சொந்தக்காரர் வீட்டுக் கலியாணம். மற்றது ஹம்ஸ்டர். கலியாணத்துக்கு அழைப்பவர்கள் "கட்டாயம் வாங்கோ" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். ஹம்ஸ்டர்க்காரர்கள் இலேசில் வைக்கமாட்டார்கள்.

திருகோணமலையில் அரசாங்கக் கால்நடை வைத்தியராக இருந்த என் காலத்தில் பெரும்பகுதி மாடு, எருமை, ஆடு, கோழி என்றே போனது. கடைசி வருடங்களில்தான் வால் குட்டையான எலி போன்ற இந்த உள்ளங்கைப் பிராணி வந்து சேர்ந்தது. இப்போது என் கதிரையில் இருக்கும் இளம் டொக்டர் சென்ற மாதம் அழைத்தார். "மெடம், இண்டைக்கும் ஹம்ஸ்டர்தான். மாட்டைக் கண்டு கனகாலம். நீங்கள் இதுகளை எப்பிடிப் பார்த்தனீங்கள் எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்று கேட்டார். எழுதுகிறேன். ஆனால் மருந்தைப் பற்றிக் கேட்டவருக்கு மனிதரைப் பற்றிய கதைதான் கிடைக்கப்போகிறது. அதற்கு நான் பொறுப்பல்ல. ஹம்ஸ்டர் தானாக ஓட்டோ பிடித்து வருவதில்லை.

பேராதனையில் படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பசுவின் இரைப்பை அறைகளை நித்திரையிலும் ஒப்புவிப்பேன். யானைக்கு எங்கே ஊசி போடுவது என்றுகூடத் தெரியும். ஹம்ஸ்டர் என்ற சொல்லை ஆய்வுகூடத்துக் கூடு ஒன்றில் ஒட்டியிருந்த துண்டில் வாசித்ததோடு சரி.

தொழிலை உண்மையில் கற்பித்தவர் பெரிய டொக்டர். கந்தோரில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொன்னோம். பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவருடைய மனைவி, அதுவும் கோபம் வந்தால் மட்டும். மெலிந்து நெடுத்த மனிதர். குரலை உயர்த்தமாட்டார். மிருகங்களை 'நீங்கள்' என்பார். "கொஞ்சம் அரக்கி நில்லுங்கோ அம்மா" என்று கேட்டுக்கொண்டுதான் பசுவுக்கு ஊசி போடுவார். எங்களை 'நீர்' என்பார். பசுவுக்குக் கிடைத்த மரியாதை எனக்குக் கிடைக்கப் பல வருடங்கள் பிடித்தன.

வேலையில் சேர்ந்த புதிதில், பசுவோடு வந்த ஒருவரிடம் "என்ன வருத்தம்?" என்று கேட்டேன். பெரிய டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"என்ன வருத்தம் எண்டு தெரிஞ்சால் அவர் ஏன் உம்மட்டை வாறார்? இதுக்கு முதல் வீட்டிலை என்ன செய்தனீங்கள் எண்டு கேளும்."

கேட்டேன். "ஒண்டும் செய்யேல்லை" என்றார் மாட்டுக்காரர். திரும்பிப் பெரிய டொக்டரைப் பார்த்தேன்.

"நீர் ஒரு கேள்வி கேட்டீர். அவர் ஒரு பதில் சொன்னார். ரெண்டும் வீண்" என்றார். பிறகு மாட்டுக்காரரின் பக்கம் திரும்பி, "அண்ணை, கொஞ்சம் சுடுதண்ணி வேணும், பக்கத்துத் தேத்தண்ணிக் கடையிலை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று அனுப்பினார். அவருடைய தலை மறைந்ததும் கூட வந்த மைத்துனர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மஞ்சள், வேப்பெண்ணெய், பக்கத்து வீட்டு நாய் மிச்சம் விட்ட மாத்திரை. எதுவும் பாக்கியில்லை.

அதுதான் அவருடைய வைத்திய முறை. ஒருவரை அப்புறப்படுத்து, மற்றவரைக் கேள். பிறகு ஆளை மாற்று. அந்தச் சுடுதண்ணீர் மிருகத்துக்கு உதவியதை நான் ஒருநாளும் கண்டதில்லை. அவர் கை கழுவுவார். மிச்சத்தில் பால் விடாத பிளேன்ரீ ஊற்றுவார்.

ஒருமுறை கிண்ணியாவுக்குப் போனோம். அப்போது பாலம் வரவில்லை. வாகனத்தோடு ஆட்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில்தான் போக வேண்டும். வீட்டு முற்றத்தில் ஓர் ஆடு வயிறு ஊதி, கால்களை அகட்டிக்கொண்டு நின்றது. "ஒண்டுமே செய்யல்ல டொக்டர்" என்றார் வீட்டுக்காரர். சுடுதண்ணீருக்குப் போனார். உடனே அவருடைய மனைவி, "இவர்தான் சோடா பருக்கின டொக்டர்! ஒரு முழுப் போத்தல். மனிசருக்கு வயிறு ஊதினாச் சோடாதானே எண்டு சொல்லிச் சொல்லிப் பருக்கின" என்றார். வீட்டுக்காரர் திரும்பி வந்ததும், உப்பு வேண்டுமென்று மனைவியை உள்ளே அனுப்பினார் பெரிய டொக்டர். இப்போது வீட்டுக்காரரின் முறை. "அவதான் நேத்துக் கந்தூரிச் சோத்த ஒரு சட்டியோட அப்படியே வெச்சவ." சோறு ஊத வைத்தது, சோடா அதற்கு மேலே ஊத வைத்தது. ஆடு பிழைத்தது. அந்தத் தம்பதியின் சமாதானத்துக்கு நாங்கள் உத்தரவாதம் கொடுக்கவில்லை.

பெரிய டொக்டர் இளைப்பாறிப் போனார். பாலம் வந்தது. நான் பெரிய டொக்டரானேன். என்னை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை, 'மிஸ்' என்றார்கள். அதற்குப் பிறகுதான் ஹம்ஸ்டர்கள் வந்தன.

முதலில் வந்தது ஒரு வங்கி உத்தியோகத்தரின் கைப்பையில். நனைந்த பஞ்சுத் துண்டு என்று நினைத்தேன். அது நடுங்கியது. எண்ணெய் மணத்தது. "இதுக்கு முதல் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன். அந்த அம்மா தனியாக வந்திருந்தபடியால் சுடுதண்ணீருக்கு அனுப்ப ஆளில்லை. நல்லவேளை, அவருக்குப் பெருமை அதிகம். "சனிக்கிழமைதானே டொக்டர், சூடு பிடிச்சிருக்கும் எண்டு நல்லெண்ணெய் வைச்சு, சீயாக்காய் போட்டு முழுக வாத்தனான்" என்றார். தன் பிள்ளைகளுக்குச் செய்ததை இதற்கும் செய்திருக்கிறார், வஞ்சகமில்லை. ஹம்ஸ்டரைத் தண்ணீரில் முழுக வார்க்கக் கூடாது, உடம்பு குளிர்ந்து வருத்தம் வந்துவிடும், ஒரு தட்டில் அரித்த, காய்ந்த மணலை வைத்தால் தானாகப் புரண்டு சுத்தமாகும் என்று விளங்கப்படுத்தினேன். கடற்கரை மணலை அள்ளிப் போட வேண்டாம், உப்பு என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப தீபாவளிக்கு?" என்று கேட்டார்.

அடுத்து ஓர் எஞ்சினியர். துறைமுகக் குவாட்டர்ஸில் இருந்தவர். சப்பாத்துப் பெட்டியை மேசையில் வைத்து, தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். "செத்துப்போச்சு டொக்டர். தோட்டத்திலை புதைக்கலாமோ, அல்லது நீங்கள் ஏதும் செய்ய வேணுமோ?" ஹம்ஸ்டர் உருண்டை பிடித்துக் கிடந்தது. கல்லாகக் குளிர்ந்திருந்தது. ஆனால் மூக்கடியில் மீசை மயிர் ஒன்று ஆடியது. "ஏசி எவ்வளவிலை போட்டனீங்கள்?" என்று கேட்டேன். குளிர்நாட்டுப் பிராணிதானே என்று, எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து, அதற்கு நேரே கூட்டை வைத்திருந்தாராம். அது பாலைவனத்துப் பிராணி என்று நான் சொன்னபோது எஞ்சினியர் என்னை நம்பாமல் பார்த்தார். துணியில் சுற்றி இரு கைக்குள்ளும் பொத்தி வைத்துக்கொண்டிருந்தேன். அவசரப்படக் கூடாது, மெல்ல மெல்லச் சூடேற வேண்டும். கன நேரத்துக்குப் பிறகு ஒரு கண்ணைத் திறந்து, கொட்டாவி விட்டு, என் பெருவிரலைக் கடித்தது. உயிர்ப்பித்தவளுக்கு அதுதான் கூலி. எஞ்சினியர் மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

எனவே இளம் டொக்டருக்கு முதல் பாடம். குளிர்ந்து சுருண்டு கிடக்கும் ஹம்ஸ்டரைச் சூடாக்கிப் பார்க்காமல் செத்ததென்று சொல்லாதீர்கள். அதேசமயம் எங்கள் வைகாசிப் புழுக்கமும் அதற்கு ஆகாது. ஏசியும் வேண்டாம், யன்னல் வெயிலும் வேண்டாம். உடைந்த மண்சட்டி ஒன்றைக் கூட்டுக்குள் கவிழ்த்துவிட்டால் அதற்கு அது மாளிகை. தனியே விடுங்கள். "பாவம், துணை வேணும்" என்று இரண்டைச் சேர்த்து வளர்த்தவர்கள், கடியுண்டு இரத்தமானபோது என்னிடம் வந்தார்கள். சேர்த்ததில் ஒன்று ஆண், மற்றது பெண்ணாக இருந்தவர்கள், குட்டிகளுக்கு ஆள் தேடிக்கொண்டு வந்தார்கள்.

இனித்தான் பணிஸ்.

பணிஸ் என்பது பேக்கரியில் வாட்டிய பணிசின், அதாவது பன்னின், நிறத்தில் இருந்த ஒரு கொழுத்த ஹம்ஸ்டர். கொழும்பில் வேலை செய்யும் ஒரு பெண் லீவுக்குக் கொண்டுவந்து, திரும்பிப் போகும்போது பெற்றோரிடம் விட்டுவிட்டுப் போனது. தாய் மகேஸ்வரி, ஊரில் எல்லோருக்கும் மகேஸ் அக்கா. தகப்பன் இராசலிங்கம், துறைமுகத்தில் சங்கம் நடத்தி இளைப்பாறியவர். ஊருக்கு அவர் 'தோழர்'. வாசிகசாலைக் கூட்டமென்றால் மைக் தேவையில்லாத குரல். செய்வினை, கண்ணூறு, நாள்கோள் என்று யாராவது வாய் திறந்தால், அன்று அவர்கள் வீட்டுக்குப் போக நேரமாகும். பணிசை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "அந்த எலி" என்பார். "உதுக்குச் செலவழிக்கிற காசிலை ஒரு தொழிலாளி வீட்டிலை அடுப்பெரியும்" என்று ஒழுங்கையில் நின்று சொல்வார்.

அந்த வீட்டில் வேலை செய்தவள் செல்வி. அன்புவழிபுரத்திலிருந்து வந்து, சமைத்து, கூட்டி, பணிசின் கூட்டையும் துப்புரவாக்கிவிட்டுப் போவாள். பணிஸ் எல்லோரையும் கடிக்கும், செல்வியை மட்டும் கடிக்காது.

ஒரு காலை மூன்று பேரும் கூட்டோடு கந்தோருக்கு வந்தார்கள். மகேஸ் அக்காவின் முகம் சிவந்திருந்தது. செல்வியின் கண் வீங்கியிருந்தது. பணிசின் இடக்கன்னமும் வீங்கியிருந்தது. தோழர் மட்டும் கதவோரம் நின்று, இதில் எனக்கென்ன என்ற மாதிரி, சுவரிலிருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு முதல் வீட்டிலை என்ன செய்தனீங்கள்?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றார் மகேஸ் அக்கா.

"ஒண்டும் செய்யேல்லை டொக்டர்" என்றார் தோழரும். "உந்த எலிக்குக் கூகைக்கட்டு வந்தால் மனிசர் என்ன செய்யிறது?"

நான் பெரிய டொக்டரின் வழியில் நடந்தேன். ஊசிமுனை இல்லாத சின்னச் சிரிஞ்ச் வேண்டுமென்று தோழரைப் பாமசிக்கு அனுப்பினேன். அவர் பணப்பையை எடுக்கையில் சட்டைப் பையிலிருந்து சூரியகாந்தி விதைகள் கொட்டுப்பட்டன. அவசரமாகக் குனிந்து பொறுக்கிக்கொண்டு போனார்.

மகேஸ் அக்கா கிட்ட வந்து, மஞ்சள் அரைத்துப் பூசியதை ஒப்புக்கொண்டார். பிறகு இன்னும் குரலைத் தாழ்த்தினார். "டொக்டர், வீட்டிலை வேற ஒரு கரைச்சல். என்ர கலியாண மூக்குத்தியைக் காணேல்லை. அலுமாரிக்குள்ளை செப்பிலை இருந்தது. அறைக்குள்ளை போய்வாற வெளியாள் இவள் ஒருத்திதான். நாளையிலையிருந்து வரவேண்டாம் எண்டு இண்டைக்குக் காலமைதான் சொன்னனான். பணிஸ் இவளின்ர கையிலைதான் அடங்கும் எண்டபடியால் கூட்டிக்கொண்டு வந்தனான்."

அறை சின்னது. செல்விக்கு எல்லாம் கேட்டது. அவள் பணிசைத் துவாயில் சுற்றிக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி நின்றாள். மகேஸ் அக்காவைச் சுடுதண்ணீருக்கு அனுப்பினேன்.

"நான் எடுக்கேல்லை மிஸ்" என்றாள் செல்வி. "அக்கா நேத்தே சந்தையிலை நாலு பேருக்குச் சொல்லிப்போட்டா. காலமை வேலை செய்யிற மற்ற வீட்டிலையும் கதவைத் திறக்கேல்லை. பிள்ளையளுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?"

பணிசைப் பார்க்கத் தொடங்கினேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இளம் டொக்டர் கேட்டதும் இதுதான். ஹம்ஸ்டரின் கன்னத்தில் இரு பக்கமும் தோளளவுக்கு நீளும் பைகள் உண்டு. கிடைத்ததையெல்லாம் அதில் திணித்துக்கொண்டு போய்க் கூட்டில் கொட்டும். வீக்கம் வந்துபோனால் அது சாப்பாட்டு மூட்டை. நாட்கணக்கில் ஒரே பக்கம் நின்று, தாடை ஈரமாகி, மணம் வந்தால், உள்ளே ஏதோ அகப்பட்டிருக்கிறது. செல்வி அதன் பிடரித் தோலைப் பதமாகப் பிடித்தாள். இளஞ்சூட்டு உப்புத் தண்ணீரைக் கன்னத்தில் துளித்துளியாக விட்டேன். கந்தோரில் முனையில்லாத சிரிஞ்ச் தாராளமாக இருந்தது என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். பிறகு வெளியிலிருந்து விரலால் பின்பக்கமிருந்து முன்பக்கமாக மெல்ல வருடினேன். ஊறிய பயறு வந்தது. ஒரு சூரியகாந்தி விதை வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. மொட்டை முனை இடுக்கியால் பையின் ஓரத்தைப் பிடித்து, சட்டைப் பையை வெளியே புரட்டுவது போல மெல்லப் புரட்டினேன். சதையில் குத்திக்கொண்டு, மினுமினுத்தபடி, திருகுச் சுரையோடு ஒரு மூக்குத்தி இருந்தது.

செல்வி என்னைப் பார்த்தாள். நான் செல்வியைப் பார்த்தேன். பணிஸ் இரண்டு பேரையும் பார்த்தது.

மூக்குத்தியை எடுத்து, காயத்தைக் கழுவி, மருந்து போட்டேன். மாட்டுக்கு உயிர் காக்கும் பென்சிலின் இந்தப் பிராணிக்கு நஞ்சு, எனவே வேறு மருந்து. இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். பணிஸ் துவாய்க்குள் மூச்சு வாங்கியது. பிழைத்துக்கொள்ளும் என்று தெரிந்தது.

"இனிச் சரிதானே செல்வி, மூக்குத்தி கிடைச்சிட்டுது" என்றேன் சந்தோசமாக.

அவள் என்னைவிட வேகமாக யோசித்தவள். முகம் வெளிறிவிட்டது. "என்ன மிஸ் சரி? அலுமாரியைப் பணிஸ் திறக்குமோ? கூடு கழுவுறது நான். களவெடுத்துக் கூட்டுக்குள்ளை ஒளிச்சு வைச்சிட்டாள் எண்டுதான் சொல்லுவினம். தயவுசெய்து அதை எங்கையாவது எறிஞ்சு விடுங்கோ."

அவள் சொன்னது சரி. மூக்குத்தி காணாமல் இருந்தபோது அவள்மேல் இருந்தது சந்தேகம். கிடைத்த பிறகு அது தீர்ப்பாகிவிடும். எறிவதும் ஏலாது. எறிந்தால் அவள் சாகும்வரை கள்ளிதான்.

அப்போதுதான் தோழரின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல் ஞாபகம் வந்தது. கூகைக்கட்டு. வேறு யாரும் அதைச் சொல்லவில்லை. சிலர் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லும் இந்தக் கூகைக்கட்டு எனக்குச் சின்ன வயதில் வந்து கன்னம் வீங்கியபோது, அம்மா தன் சங்கிலியைக் கழற்றி என் கழுத்தில் போட்டார். பொன் பட்டால் வீக்கம் வற்றும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மனிதருக்குச் சங்கிலி. எலிக்குச் சங்கிலி போட ஏலாது, கழுத்தே கிடையாது. அப்படியானால் அளவான நகை எது? விதைகளைச் சட்டைப் பையில் கொண்டு திரிகிறவர் யார்? முதலில் சாப்பாட்டு மூட்டை, அதைக் கண்டு பயந்து வைத்தியம், அந்த வைத்தியத்தால்தான் உண்மையான வீக்கம். எல்லாம் வரிசையாக வந்து நின்றது.

மூக்குத்தியைக் கிண்ணத்தில் போட்டுப் பஞ்சால் மூடினேன். "ஒண்டும் கதைக்க வேண்டாம். பணிசைப் பிடிச்சுக்கொண்டு நில்லும்" என்று செல்விக்குச் சொன்னேன். பெரிய டொக்டரின் 'நீர்' என்னை அறியாமலே வாயில் வந்துவிட்டது.

தோழர் சிரிஞ்சோடு வந்தார். மகேஸ் அக்கா கேத்தலோடு வந்தார். அன்றைக்கு மட்டும் குருவின் முறையை நான் தலைகீழாக்கினேன். ஒருவரையும் வெளியே அனுப்பவில்லை. கதவைச் சாத்தினேன்.

"கன்னப்பைக்குள்ளை ஏதோ ஓர் உலோகம் இருந்திருக்கு, குத்திப் புண்ணாக்கிப்போட்டுது" என்றேன். "தங்கம் எண்டால் ஒரு மருந்து. பித்தளை எண்டால் வேற மருந்து. மாறிப் போட்டால் பணிஸ் தாங்காது. என்ன உலோகம் எண்டு தெரியாமல் நான் கைவைக்க ஏலாது."

அப்படி எந்தப் புத்தகத்திலும் இல்லை. நான் தேவையான மருந்தை ஏற்கெனவே போட்டு முடித்திருந்தேன். ஆனால் என் முகத்தை மாட்டு வைத்தியரின் முகமாகவே வைத்துக்கொண்டேன்.

மகேஸ் அக்கா முழித்தார். தோழர் மாட்டுப் படத்தைப் பார்த்தார். பணிஸ் துவாய்க்குள்ளிருந்து, சந்தர்ப்பம் தெரிந்த மாதிரி, ஒரு சின்னச் சத்தம் போட்டது. நானும் இனி ஏலாது என்ற மாதிரிப் பெருமூச்சு விட்டு, துவாயை மூடப்போனேன்.

"தங்கம்தான் டொக்டர்" என்றார் தோழர். மைக் தேவையில்லாத குரல் எங்கோ போய்விட்டது. "இருபத்திரண்டு கரட். மகேசின்ர மூக்குத்தி. நான்தான் வைச்சனான். கெதியா மருந்தைப் போடுங்கோ."

கேத்தல் மேசையில் 'டங்' என்று இறங்கியது.

"இஞ்சாருங்கோ, என்ன சொல்லுறியள்?"

"கன்னம் வீங்கிக் கிடந்தது. கூகைக்கட்டு எண்டு நினைச்சன். பொன் வைச்சால் வத்தும் எண்டு அம்மா செய்யிறவ. கூட்டுக்குள்ளை பஞ்சடியிலை வைச்சனான். அடுத்தநாள் பார்த்தால் காணேல்லை. ஒவ்வொரு நாளும் தேடினனான். எடுத்த இடத்திலை திருப்பி வைச்சுப்போட்டால் ஒருத்தருக்கும் ஒரு கரைச்சலும் இல்லை எண்டு..."

"ஒருத்தருக்கும் கரைச்சல் இல்லையோ?" என்று கேட்டது நான்தான். எனக்கு அந்த மனிதர்மேல் உண்மையாகவே கோபம் வந்தது. துறைமுகம் முழுவதுக்கும் வாய் திறந்தவர், தன் குசினியில் வேலை செய்தவளுக்காகத் திறக்கவில்லை. பொன் வைத்த கதை வாசிகசாலைக்குத் தெரிந்துவிடும் என்ற பயம். பஞ்சை விலக்கிக் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தேன். "இவளைக் கள்ளி எண்டு சொல்லேக்கை நீங்கள் வீட்டிலைதானே இருந்தனீங்கள்?"

மகேஸ் அக்கா மூக்குத்தியைத் தொடவில்லை. செல்வியின் கையைப் பிடிக்கப் போனார். செல்வி கையைக் கொடுக்கவில்லை, கையில் பணிஸ் இருந்தது.

"பிழை விட்டுட்டன் செல்வி. நாளைக்கு வா."

செல்வி பணிசைக் கூட்டுக்குள் விட்டு, மண்சட்டியைச் சரிசெய்து, கதவைக் கொளுவினாள். பிறகு நிமிர்ந்தாள். அந்த வீட்டில் தோழரை 'அண்ணை' என்றுதான் அவள் கூப்பிடுவது வழக்கம்.

"நான் நாளைக்கு வரமாட்டன் அக்கா. நீங்கள் நிப்பாட்டினபடியால் இல்லை. நான் வேலைநிறுத்தம். தோழர், உங்களுக்குத்தானே தெரியும், வேலைநிறுத்தம் எண்டால் ஒரு கோரிக்கை வேணும். என்ர கோரிக்கை ஒண்டுதான்."

"சொல்லு" என்றார் தோழர்.

"மிஸ், பணிசின்ர புண்ணை எப்பெப்பக் கழுவ வேணும்?"

"காலமையும் பின்னேரமும்" என்றேன். இந்த முறை பொய்யில்லை.

"வேற ஆரும் தொட்டால் கடிக்கும். பணிசோடை எனக்குக் கோபமில்லை. காலமையும் பின்னேரமும் நீங்கள்தான் என்ர வீட்டுக்குக் கொண்டுவர வேணும். ஓட்டோவிலை இல்லை, ஒழுங்கை முனையிலையிருந்து நடந்து. 'என்ன தோழர், எலிக்கு என்ன?' எண்டு ஆர் கேட்டாலும் நிண்டு, நடந்ததை முழுக்கச் சொல்ல வேணும். ஒராளையும் தப்ப விடக்கூடாது. புண் ஆறினாப் பிறகு வேலைக்கு வாறதைப் பற்றிக் கதைப்பம்."

மகேஸ் அக்கா, "நானும் சந்தையிலை சொல்லுறன்" என்றார் மெல்ல. செல்வி தலையை மட்டும் ஆட்டினாள். கேத்தல் தண்ணீர் ஆறிப்போகுமுன் நான் பிளேன்ரீ ஊற்றி, முதல் கோப்பையைச் செல்விக்குக் கொடுத்தேன். தோழருக்குச் சீனி போட மறந்துபோனேன். அவர் அப்படியே குடித்தார்.

சில நாட்கள் கழித்து, புண் எப்படியிருக்கிறது என்று பார்க்க ஒரு பின்னேரம் அன்புவழிபுரத்துக்குப் போனேன். அது கடமை. தோழரைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, அதை எதற்கு மறைக்க வேண்டும்? ஒழுங்கை முனையில் அவர் கூட்டைத் துவாயால் மூடி, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் கேட்டார், நின்றார், சொன்னார். மீன் வாங்கிக்கொண்டு வந்த பெண் கேட்டாள், நின்றார், சொன்னார். இப்போது கதை நன்றாகப் பழகிவிட்டிருந்தது. கையை எங்கே உயர்த்துவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று வாசிகசாலைக் கூட்டத்தைப் போலவே செய்தார். கேட்காதவர்கள்கூட வேலியடிக்கு வந்தார்கள். நடுவில் துவாயை விலக்கி, "பயப்பிடாதை பணிஸ், வந்திட்டம்" என்று பெயர் சொல்லிக் கதைத்ததையும் நான் கேட்டேன்.

செல்வி வீட்டு வேலிப் படலையடியில் என்னைக் கண்டார். நான் சும்மா போயிருக்கலாம். போகவில்லை.

"என்ன தோழர், எலிக்கு என்ன?"

அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. ஆனாலும் நின்றார். நிமிர்ந்தார். முதலிலிருந்து சொன்னார். கன்னம் வீங்கியது, கூகைக்கட்டு என்று நினைத்தது, மனைவிக்குத் தெரியாமல் மூக்குத்தியை எடுத்தது, பணிஸ் அதை ஒளித்துக்கொண்டது, டொக்டர் கண்டுபிடித்தது, எல்லாவற்றையும் சொல்லி முடித்து, படலையைத் திறக்கக் கையை வைத்தார்.

உள்ளேயிருந்து செல்வியின் குரல் வந்தது.

"கடைசி வரியை விட்டுட்டியள், தோழர்."

தோழர் படலையிலிருந்து கையை எடுத்தார். ஒழுங்கையின் பக்கம் திரும்பினார்.

"செல்வி எடுக்கேல்லை!" என்றார், மைக் தேவையில்லாத அந்தக் குரலில். அடுத்த ஒழுங்கையில் நாய் குரைத்தது.

அதன்பிறகுதான் படலை திறந்தது.